பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட்: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், எட்டாம் தலைமுறை இன்டெல் பிராசஸராவது வேண்டும் என்கிறது. அதனால் 2012 முதல் 2016 வரை வாங்கிய லேப்டாப்புகள், கீபோர்டும் திரையும் நன்றாக இருந்தும், அலமாரிக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றை, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச ஆபரேட்டிங் சிஸ்டமான லினக்ஸ் மின்ட் போட்டு இன்னும் சில வருடங்கள் தாராளமாக ஓட்டலாம்.

புதிதாக முயற்சி செய்பவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. லினக்ஸ் கடினம் என்பதால் யாரும் மாட்டிக்கொள்வதில்லை, வரிசை மாறுவதால்தான் மாட்டிக்கொள்கிறார்கள். டிஸ்கை அழித்த பிறகுதான் வைஃபை வரவில்லை என்று தெரிகிறது. எல்லாம் நிறுவி முடித்த பிறகுதான் எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்குக்குப் பதிலாகப் போடும் வேகமான டிஸ்க்) வாங்குகிறார்கள், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. அதனால் கீழே உள்ள வரிசையை அப்படியே பின்பற்றுங்கள். 5-ஆம் படி வரை உங்கள் லேப்டாப்பில் எதுவும் மாறாது, காசும் செலவாகாது.

1. இது உங்களுக்கு ஒத்துவருமா என்று முதலில் பாருங்கள்

கடைக் கணக்குக்கு டேலி ஓடுகிற ஒரே மெஷின் இதுதான் என்றால் கை வைக்காதீர்கள். டேலி, ஆட்டோகேட், ஃபோட்டோஷாப் இவை எல்லாம் லினக்ஸில் நேரடியாக ஓடாதவை. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகி அரசு போர்டல்களில் வேலை செய்பவர்கள், அந்த டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று கொடுத்தவரிடம் கேட்டுவிட்டுத்தான் மேலே படிக்க வேண்டும்.

பிரிண்டரையும் மறக்க வேண்டாம். ஹெச்பி பிரிண்டர்களில் பெரும்பாலானவை செருகியதும் வேலை செய்யும். ஜெராக்ஸ் கடைகளில் அதிகம் பார்க்கும் கேனான் எல்பிபி 2900 போன்றவற்றுக்குத் தனி டிரைவர் வேண்டும், அதை நிறுவுவது புதியவருக்குப் பெரிய வேலை.

பிரவுசர், யூடியூப், வாட்ஸ்அப் வெப், பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, கடிதம் டைப் அடிப்பது, எக்செல் மாதிரி கணக்கு இவைதான் தேவை என்றால் தயக்கமே வேண்டாம்.

2. மெஷினின் உடம்பைப் பாருங்கள்

விண்டோஸில் 'திஸ் பிசி' மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போங்கள். இரண்டு விஷயம் தேவை: ரேம் எவ்வளவு, 'சிஸ்டம் டைப்' என்ன.

சிஸ்டம் டைப் வரியை முழுவதும் படியுங்கள். நிறைய பேர் '32 பிட் ஆபரேட்டிங் சிஸ்டம்' என்ற முதல் பாதியைப் பார்த்ததும் மனம் விட்டுவிடுகிறார்கள். 64 பிட் பிராசஸரில் 32 பிட் விண்டோஸ் போட்டுக் கொடுப்பது ஒரு காலத்தில் சாதாரணமாக நடந்தது. உங்களுக்கு வேண்டியது காற்புள்ளிக்குப் பின்னால் இருக்கிறது, அங்கே 'எக்ஸ்64 பிராசஸர்' என்று இருந்தால் போதும்.

ரேம் 4 ஜிபி அல்லது மேலே இருந்தால் மின்ட்டின் இலகுவான டெஸ்க்டாப் கொண்ட எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள். சின்னமன் பதிப்பு பார்க்க அழகு, 8 ஜிபி இருந்தால் அதையும் எடுக்கலாம். 2 ஜிபி என்றால் மின்ட் நிறுவப்படும், டெஸ்க்டாப்பும் வரும். ஆனால் பிரவுசரில் நாலு டேப் திறந்ததும் மூச்சு வாங்கும். 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த மெஷின்கள் பல இந்த ரகம்தான், அவற்றுக்கு ரேம் ஏற்றாமல் மின்ட்டை நிறுவ வேண்டாம். பிராசஸரே 32 பிட் என்றால் மின்ட் 22 ஓடாது. ஆன்டிஎக்ஸ் மாதிரி இலகுவான லினக்ஸ் உண்டு, ஆனால் அந்த வயதுள்ள மெஷினுக்காகக் காசு செலவழிப்பது வீண் என்பது என் கருத்து.

அப்புறம் லேப்டாப்பைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பக்கம் உப்பியிருந்தாலோ டச்பேட் மேலே தூக்கியிருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதை வைத்துக்கொண்டு எந்த வேலையும் செய்யாதீர்கள், தீப்பிடிக்கும் அபாயம் உண்மையானது. கடையில் கொடுத்துக் கழற்றச் சொல்லுங்கள். பேட்டரி தனியாக வரும் மாடல்கள் பல, பேட்டரி இல்லாமல் சார்ஜரில் மட்டும் ஓடும்.

3. பென்டிரைவ் தயார் செய்வது

8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். அதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், முதலில் வேறு இடத்தில் எடுத்து வையுங்கள்.

மின்ட்டின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் ஐஎஸ்ஓ ஃபைலை (மின்ட் முழுவதும் அடங்கிய ஒரே ஃபைல்) இறக்குங்கள். சுமார் 3 ஜிபி இருக்கும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் வரும், அதையே எடுங்கள். இறங்கியதும், ஃபைல் முழுமையாக இருக்கிறதா என்று காட்டும் எஸ்எச்ஏ-256 எண்ணைச் சரிபாருங்கள். 7-ஜிப் இருந்தால் ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து அதன் மெனுவிலேயே பார்க்கலாம், தளத்தில் கொடுத்திருக்கும் எண்ணும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் விட்டு விட்டு இறக்கிய ஃபைல் அரைகுறையாக இருந்தால் நிறுவும்போது பாதியில் நிற்கும். அப்போது குற்றம் லேப்டாப்பின் மேல்தான் விழும், காரணம் ஃபைலாக இருக்கும்.

இனி, அதிகம் பேர் தடுக்கி விழும் இடம். ஐஎஸ்ஓ ஃபைலை பென்டிரைவில் காப்பி செய்தால் பூட் ஆகாது, அதாவது கணினி அதிலிருந்து தொடங்காது. வின்ரார் நிறுவியிருக்கும் கணினியில் ஐஎஸ்ஓ-வுக்கு வின்ரார் படம் வந்துவிடுவதால், அதை எக்ஸ்ட்ராக்ட் செய்து ஃபோல்டர்களைப் போட்டுவிடுகிறவர்களும் உண்டு. இரண்டும் வேண்டாம். ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற இலவச புரோகிராம் கொண்டு பென்டிரைவில் எழுத வேண்டும்.

ரூஃபஸில் பார்ட்டிஷன் ஸ்கீம் என்பதை எம்பிஆர் என்று விடுங்கள், கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை புரோகிராம் பழைய பயாஸாக இருந்தாலும் புதிய யுஇஎஃப்ஐயாக இருந்தாலும் பூட் ஆகும். நடுவில் கேட்கும் கேள்விக்கு ஐஎஸ்ஓ முறை என்றே பதில் சொல்லுங்கள்.

4. பென்டிரைவிலிருந்து பூட் செய்வது

முதலில் விண்டோஸை முழுமையாக அணையுங்கள். ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி ஷட்டவுன் கொடுக்க வேண்டும். விண்டோஸ் 8-லிருந்து வழக்கமான ஷட்டவுன் அரைத் தூக்கம்தான். அப்படியே விட்டால் பின்னால் லினக்ஸிலிருந்து அந்த டிஸ்கைத் திறக்கும்போது படிக்க மட்டும்தான் விடும், எழுத விடாது.

பென்டிரைவைச் செருகி ஆன் செய்த கையோடு பூட் மெனு விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோ என்றால் எஃப்12. ஹெச்பி என்றால் எஸ்கேப், பிறகு எஃப்9. ஆசுஸ் என்றால் எஸ்கேப். ஏசரில் எஃப்12-தான், ஆனால் பல மாடல்களில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கும். எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் 'எஃப்12 பூட் மெனு' என்பதை எனேபிள் செய்துவிட்டு வர வேண்டும். சில லெனோவோ மாடல்களில் பவர் பட்டனுக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு துளை இருக்கும், லேப்டாப் அணைந்திருக்கும்போது அதில் ஊசி விட்டு அழுத்தினால் மெனு வரும்.

மெனுவில் பென்டிரைவைத் தேர்ந்தால் மின்ட்டின் பட்டியல் வரும், முதல் வரியை எடுங்கள். திரை கருப்பாகவே நின்றால் மறுபடி ஆன் செய்து 'கம்பாட்டிபிலிட்டி மோட்' வரியை எடுங்கள். கிராஃபிக்ஸ் சிப்புடன் ஒத்துப்போகாததுதான் அநேகமாகக் காரணம்.

5. நிறுவாமல் சோதிப்பது

இப்போது மின்ட் பென்டிரைவிலிருந்து ஓடுகிறது. டெஸ்க்டாப்பில் 'இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்' ஐகான் இருக்கும். அதைத் தொடாதீர்கள். கை பரபரக்கும், இருந்தாலும் ஒரு அரைமணி நேரம் சோதித்துவிடுங்கள். இந்த அரைமணியைச் செலவழிக்காதவர்கள்தான் பிறகு இரண்டு நாள் தவிக்கிறார்கள்.

வைஃபை இணைகிறதா, ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா, ஹெட்போன் செருகினால் மாறுகிறதா, கேமரா, புளூடூத், வெளிச்சம் கூட்டும் குறைக்கும் விசைகள், டச்பேடில் இரண்டு விரல் ஸ்க்ரோல் எல்லாவற்றையும் பாருங்கள். மூடியை மூடி ஒரு நிமிடம் விட்டுத் திறங்கள், தூங்கி எழுகிறதா என்று தெரிந்துவிடும். வேகத்தை மட்டும் இப்போது எடைபோட வேண்டாம், பென்டிரைவிலிருந்து ஓடும்போது மெதுவாகத்தான் இருக்கும்.

வைஃபை வரவில்லை என்றால் மொபைலை யுஎஸ்பி கேபிளால் இணைத்து யுஎஸ்பி டெதரிங் போடுங்கள், இணையம் உடனே வரும். பிராட்காம் சிப் உள்ள லேப்டாப்புகளில் வைஃபை டிரைவரைப் பிறகு சேர்க்க வேண்டியிருக்கும். நிறுவிய பின், இதே பென்டிரைவைச் செருகி வைத்துக்கொண்டு டிரைவர் மேனேஜர் திறந்தால் இணையம் இல்லாமலே டிரைவரைப் பென்டிரைவிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

அப்படியே மெனுவில் 'டிஸ்க்ஸ்' என்ற புரோகிராமைத் திறந்து ஹார்டு டிஸ்கைத் தேர்ந்து, டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தைப் பாருங்கள். ரீஅலோகேட்டட் செக்டார் (கெட்டுப்போனதால் மாற்றப்பட்ட பகுதிகள்) எண்ணிக்கை பூஜ்ஜியம் தாண்டி ஏறியிருந்தால் அந்த டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. லேப்டாப் மெதுவானதற்கு விண்டோஸைத் திட்டிக்கொண்டிருப்போம், உண்மையில் இந்த டிஸ்க்தான் காரணமாக இருக்கும்.

6. காப்பி எடுப்பது

ஃபோட்டோ, டாக்குமென்ட் எல்லோருக்கும் நினைவு வரும். விட்டுப்போகிறவை வேறு: பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், புக்மார்க்குகள், டெஸ்க்டாப் மேலேயே கிடக்கும் ஃபைல்கள், டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் சான்றிதழ் ஸ்கேன்கள், வைஃபை பாஸ்வேர்டு.

தமிழில் டைப் அடித்தவர்கள் இன்னொன்றைக் கட்டாயம் எடுக்க வேண்டும். பழைய வேர்டு ஃபைல்கள் பாமினி, வானவில் போன்ற ஃபான்ட்களில் இருந்தால், அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த ஃபான்ட் ஃபைல்களையும் எடுத்து வையுங்கள். மின்ட்டில் அவற்றை டபுள் கிளிக் செய்து நிறுவிவிட்டால் பழைய கடிதங்கள் பழையபடி படிக்க வரும்.

7. எஸ்எஸ்டியும் ரேமும், நிறுவுவதற்கு முன்பே

சோதனை எல்லாம் சரியாக வந்த பிறகுதான் காசு எடுக்க வேண்டும். செய்யக்கூடிய மாற்றங்களில் அதிக வித்தியாசம் தருவது 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி. 240 ஜிபி தாராளம். பழைய ஹார்டு டிஸ்கோடு மின்ட் போட்டால் 'பரவாயில்லை' என்பீர்கள், எஸ்எஸ்டியோடு போட்டால் மெஷினே வேறாகிவிடும்.

இதை முதலில் மாற்றச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. கழற்றிய ஹார்டு டிஸ்கில் உங்கள் விண்டோஸ் அப்படியே இருக்கும். மின்ட் பிடிக்கவில்லை என்றால் திருப்பி மாட்டினால் போதும், பழைய நிலைக்கு வந்துவிடலாம். ஒரு யுஎஸ்பி கேஸ் வாங்கி அதில் அந்த டிஸ்கைப் போட்டால் மறந்துபோன ஃபைலை எடுக்கவும் உதவும். அதற்காக 6-ஆம் படியைத் தாண்டிவிடாதீர்கள், அதுவும் வயதான டிஸ்க்தான்.

ரேம் வாங்கும்போது பழைய ரேமைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், சென்னை ரிச்சி தெருவாக இருந்தாலும் உங்கள் ஊர்க் கடையாக இருந்தாலும் சரி. டிடிஆர்3 என்றும் டிடிஆர்3எல் என்றும் இரண்டு உண்டு. முதலாவது 1.5 வோல்ட், இரண்டாவது 1.35 வோல்ட்டிலும் ஓடும். நான்காம் தலைமுறை இன்டெல் லேப்டாப்புகளுக்கு டிடிஆர்3எல்தான் வேண்டும், மற்றதைப் போட்டால் திரையே வராது. ஸ்டிக்கரில் பிசி3எல் என்று இருக்கிறதா பாருங்கள். திறந்திருக்கும்போதே ஃபேனில் அடைந்த தூசியையும் எடுக்கச் சொல்லுங்கள், சூடானால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

8. நிறுவுவது

சார்ஜரைச் செருகுங்கள். மின்ட் பென்டிரைவைத் தவிர மற்ற பென்டிரைவ், வெளி டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றுங்கள். தவறான டிஸ்க் அழிய வழியே இருக்கக் கூடாது என்பதற்காக.

இனி ஐகானை அழுத்தலாம். மல்டிமீடியா கோடெக் கேட்கும் இடத்தில் டிக் போடுங்கள், இல்லாவிட்டால் சில வீடியோக்கள் ஓடாது. அடுத்து டிஸ்கை முழுவதும் அழிக்கும் 'இரேஸ் டிஸ்க்' வரும். புது எஸ்எஸ்டி என்பதால் தைரியமாகத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் கீழே காட்டும் டிஸ்கின் அளவு உங்கள் எஸ்எஸ்டியின் அளவுதானா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். பார்ட்டிஷனை நீங்களே பிரிக்கப் போகாதீர்கள், முதல்முறைக்கு அது தேவையில்லை.

டிஸ்கே காட்டவில்லை என்றால் பயாஸுக்குள் சாட்டா மோட் என்ற இடத்தில் ரெய்ட் அல்லது ஆர்எஸ்டி என்று இருக்கும். அதை ஏஎச்சிஐ ஆக்குங்கள். பழைய டிஸ்கைத் திருப்பி மாட்டி விண்டோஸுக்குப் போக நேர்ந்தால் இதையும் பழையபடி மாற்ற வேண்டும், இல்லையென்றால் நீலத் திரை வரும்.

நேர மண்டலத்துக்கு இந்தியாவில் கொல்கத்தா, இலங்கையில் கொழும்பு. பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி வையுங்கள், ஒவ்வொரு புரோகிராம் நிறுவும்போதும் அதைக் கேட்கும்.

முடிந்ததும் ரீஸ்டார்ட் கொடுத்தால் மின்ட் லோகோவோடு திரை நின்றுவிடும். பலரும் ஹேங் ஆகிவிட்டது என்று பவர் பட்டனை அழுத்துவது இங்கேதான். பென்டிரைவைக் கழற்றிவிட்டு என்டர் தட்டுங்கள், அதற்காகத்தான் காத்திருக்கிறது.

9. முதல் நாள் வேலைகள்

அப்டேட்டுக்கு முன்னால் மின்ட்டோடு வரும் டைம்ஷிஃப்ட் திறந்து ஒரு ஸ்னாப்ஷாட் (சிஸ்டத்தின் இப்போதைய நிலையின் காப்பி) எடுங்கள். அப்டேட் எதையாவது கெடுத்தால் திரும்பிவர வழி இருக்க வேண்டும், அதனால்தான் இந்த வரிசை. பிறகு அப்டேட் மேனேஜர். பக்கத்து மிரருக்கு (அதே ஃபைல்களைத் தரும் அருகிலுள்ள சர்வர்) மாற்றட்டுமா என்று கேட்டால் சரி சொல்லுங்கள், இறக்கம் வேகமாகும். அதன் பின் டிரைவர் மேனேஜர்.

புரோகிராம் வேண்டுமென்றால் சாஃப்ட்வேர் மேனேஜரில் தேடுங்கள். விண்டோஸ் பழக்கத்தில் இணையத்தில் தேடி இஎக்ஸ்இ ஃபைலை இறக்கினால் அது ஓடாது.

ரேம் 4 ஜிபி அல்லது குறைவு என்றால் சினாப்டிக் என்ற புரோகிராம் நிறுவும் டூலில் தேடி 'இசட்ரேம் கான்ஃபிக்' நிறுவி ரீஸ்டார்ட் செய்யுங்கள். ரேமில் உள்ளதைச் சுருக்கி வைத்து இடம் மிச்சப்படுத்தும்.

10. தமிழ் டைப்பிங்

தமிழ் படிக்க எதுவும் செய்ய வேண்டாம், ஃபான்ட் கூடவே வருகிறது. டைப் அடிக்க 'ஐபஸ் எம்17என்' என்ற டைப்பிங் டூலை நிறுவுங்கள். இன்புட் மெதட் செட்டிங்கில் ஐபஸைத் தேர்ந்துவிட்டு ஒருமுறை லாக்அவுட் செய்து உள்ளே வாருங்கள். லாக்அவுட் செய்யாமல் 'வரவே இல்லை' என்று திரும்பத் திரும்ப நிறுவுகிறவர்கள் நிறைய. பிறகு ஐபஸ் பிரிஃபரன்சில் தமிழ் சேர்க்கும்போது தமிழ்99, ஃபொனெட்டிக் என்ற இரண்டு கீபோர்டு முறைகளும் இருக்கும். 'அம்மா'வை ஆங்கில எழுத்தில் தட்டிப் பழகியவருக்கு ஃபொனெட்டிக். நிறைய எழுதப் போகிறவர் என்றால் தமிழ்99 கற்றுக்கொள்ளுங்கள், விசை தட்டும் எண்ணிக்கை நன்றாகக் குறையும்.

11. பிரவுசர் இன்னும் திணறினால்

பழைய இன்டெல் கிராஃபிக்ஸ் எச்264 என்ற வடிவத்தில் உள்ள வீடியோவை மட்டும்தான் சிரமமில்லாமல் விரிக்கும். யூடியூப் விபி9 போன்ற புதிய வடிவங்களை அனுப்பும்போது முழுச் சுமையும் பிராசஸர் மேல் விழுகிறது. ஃபேன் சத்தம் போடும், வீடியோ விட்டு விட்டு ஓடும். ஃபயர்ஃபாக்ஸில் எச்264ஃபை என்ற ஆட்ஆன் போட்டால் யூடியூப் எச்264-ஐ அனுப்பும். விளம்பரம் தடுக்கும் யுபிளாக் ஆரிஜினும் போடுங்கள், விளம்பரங்கள் குறைந்தாலே பக்கங்கள் சுறுசுறுப்பாகத் திறக்கும்.

12. அடிக்கடி வரும் மூன்று கேள்விகள்

எந்தத் தளம் திறந்தாலும் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று வருகிறதா? கடிகாரத்தைப் பாருங்கள், வருடம் எங்கோ பின்னால் போயிருக்கும். மதர்போர்டில் உள்ள சிறிய வட்ட பேட்டரி தீர்ந்துவிட்டது, மாற்றினால் சரியாகிவிடும்.

குரோம் திறக்கும்போதெல்லாம் கீரிங் (சேமித்த பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் இடம்) பாஸ்வேர்டு கேட்கிறதா? பாஸ்வேர்டு இல்லாமல் தானாக லாகின் ஆகும்படி வைத்திருப்பீர்கள். லாகினில் பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றினால் நின்றுவிடும்.

டைம்ஷிஃப்ட் இருக்கிறதே, ஃபோட்டோவுக்கு வேறு காப்பி எதற்கு? டைம்ஷிஃப்ட் சிஸ்டத்தை மட்டும்தான் காக்கும், உங்கள் ஹோம் ஃபோல்டரை வழக்கமாகத் தொடாது. ஒரு மாதம் பயன்படுத்தி மின்ட்டிலேயே இருப்பது என்று முடிவானதும், பழைய ஹார்டு டிஸ்கின் ஸ்மார்ட் விவரம் நன்றாக இருந்தால், அதை லினக்ஸுக்கே உரிய எக்ஸ்ட்4 வடிவத்தில் ஃபார்மேட் செய்து யுஎஸ்பி கேஸிலேயே விட்டுவிடுங்கள். டைம்ஷிஃப்ட் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவ டிஸ்கில் எழுதாது, எக்ஸ்ட்4 என்றால் ஸ்னாப்ஷாட்டையும் அங்கே அனுப்பலாம், மின்ட்டோடு வரும் பேக்கப் டூல் வைத்து ஃபோட்டோக்களையும் அதிலேயே போட்டுக்கொள்ளலாம்.